குளியல் தொட்டி நிரம்ப ஒரு மணித்தியாலமா? குழாயின் பருமனும் தாங்கியின் உயரமும்

உப்புவெளியில் உள்ள உங்கள் வீட்டின் மேல்மாடிக் குளியலறையில் 380 லீற்றர் கொள்ளும் பெரிய குளியல் தொட்டி ஒன்றைப் பதித்திருக்கிறீர்கள். மொட்டைமாடியில் இருக்கும் ஆயிரம் லீற்றர்த் தாங்கியின் அடிமட்டம், தொட்டிக்கு நீர் விழும் வாயிலிருந்து 3 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 20 மி.மீ. பி.பி.ஆர். (சூடாக்கி ஒட்டும் பிளாஸ்டிக்) குழாய் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடி வருகிறது. வெந்நீர் இன்னும் இணைக்கப்படவில்லை. குளிர்நீரை முழுதாகத் திறந்துவிட்டாலும் தொட்டி நிரம்ப ஒரு மணித்தியாலம் எடுக்கிறது. சுவரை உடைத்து ஓரங்குலக் குழாய் போடவேண்டும் என்று பிளம்பரும், பிரஷர் பம்ப் ஒன்று பூட்டினால் போதும் என்று மைத்துனரும் சொல்கிறார்கள், இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி குழாயைப் பற்றியது போலத் தோன்றினாலும், முதலில் விடை காணவேண்டியது வேறொன்று: உங்களிடம் இருக்கும் அந்த 3 மீற்றர் உயரம் வழியில் எங்கே செலவாகிறது?

திருகோணமலைப் பக்கத்தில் வீடுகளுக்கும் விருந்தினர் விடுதிகளுக்கும் நீர்க்குழாய் வேலைகளை நெடுங்காலம் மேற்பார்வை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் கணிப்பில், அந்த உயரத்தின் பெரும்பகுதியை விழுங்குவது சுவருக்குள் இருக்கும் குழாய் அல்ல, தொட்டியின் விளிம்பில் மினுங்கிக்கொண்டிருக்கும், குளிர்நீரையும் வெந்நீரையும் கலந்து விடும் அந்த மிக்சர்தான். ஆகவே பிளம்பர் சொல்வது பாதி சரி, மைத்துனர் சொல்வதும் பாதி சரி. ஆனால் இருவருமே தொடங்கவேண்டிய இடத்தில் தொடங்கவில்லை.

தாங்கியிலிருந்து தானாக இறங்கும் நீருக்கு உந்துதல் தருவது உயரம் ஒன்றுதான். 10 மீற்றர் உயரத்து நீர் ஏறத்தாழ ஒரு பார் அமுக்கத்தைத் தரும். உங்களுடைய 3 மீற்றர் 0.3 பாருக்குச் சற்றுக் குறைவு. தாங்கியை நிரப்பி வைத்தால் நீர்மட்டம் அடிமட்டத்தை விட உயர்ந்திருக்கும் என்பது உண்மைதான், ஆனால் ஒருமுறை குளிக்கும்போதே தாங்கியின் கொள்ளளவில் மூன்றிலொரு பங்கு இறங்கிவிடும் என்பதால், கணக்கை எப்போதும் அடிமட்டத்திலிருந்தே போடவேண்டும். தாங்கி எவ்வளவு பெரியது என்பது அமுக்கத்தை மாற்றாது. ஆயிரம் லீற்றருக்குப் பதில் இரண்டாயிரம் லீற்றர்த் தாங்கி வைத்தால் தண்ணீர் வேகமாக வரும் என்று நம்புவோர் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பணத்துக்குத் தாங்கியின் கீழ்க் கட்டை ஒரு மீற்றர் உயர்த்தினால் பலன் கண்கூடாகத் தெரியும்.

இனி மிக்சர். கடைகளில் கிடைக்கும் நவீன மிக்சர்களில் பெரும்பாலானவை நகர நீர்க்குழாயில் எந்நேரமும் நல்ல அமுக்கம் இருக்கும் நாடுகளுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் பெட்டியிலோ உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளிலோ நிமிடத்துக்கு இத்தனை லீற்றர் என்று அச்சிட்டிருப்பது வழக்கமாக 3 பார் அமுக்கத்துக்கான அளவு. நம் வீடுகளில் இருப்பது அதன் பத்தில் ஒரு பங்கு. ஒரு திறப்பினூடாகப் பாயும் நீரின் அளவு அமுக்கத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். அமுக்கம் பத்திலொன்றானால் நீர் ஏறத்தாழ மூன்றிலொன்றாகும். உங்கள் மிக்சரின் அளவை நீங்கள் குறிப்பிடவில்லை, எனவே குளியல் தொட்டிக்கான மிக்சர்களில் பரவலாகக் காணப்படும் 20 லீற்றர் என்ற எண்ணை எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால், சுவருக்குள் யானை நுழையும் பருமனில் குழாய் போட்டாலும், 3 மீற்றர் உயரத்தில் அந்த மிக்சர் நிமிடத்துக்கு 6 லீற்றருக்குச் சற்று மேலே மட்டுமே விடும். இது ஊகமல்ல, வெறும் பெருக்கல் வகுத்தல். உங்கள் தாளில் வேறு எண் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள்.

குழாயின் கணக்கு வேறுவிதமானது. ஒரே அளவு நீர் பாயும்போது உராய்வினால் ஏற்படும் இழப்பு, உள்விட்டம் சற்றுக் குறைந்தாலும் மிகக் கடுமையாக ஏறும். விட்டத்தின் ஏறத்தாழ ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அது மாறுகிறது. இங்கேதான் பி.பி.ஆர். குழாய் பலரை ஏமாற்றுகிறது. 20 மி.மீ. என்பது அதன் வெளிவிட்டம். வெந்நீருக்கு ஏற்ற தடித்த வகையில் சுவர் மட்டும் 3.4 மி.மீ. என்பதால், நீர் போகும் துவாரம் 13.2 மி.மீ. தான். அதே 20 மி.மீ. பெயரில் வரும் பி.வி.சி. குழாயின் சுவர் மெல்லியது, துவாரம் அகலமானது. பி.வி.சி.யில் 'அரை அங்குலம் போதும்' என்று பழகிய கை, பி.பி.ஆருக்கு மாறியபோதும் அதே எண்ணைப் போட்டதன் விளைவைப் பல வீடுகளில் காணலாம். பி.பி.ஆரில் 25 மி.மீ. குழாயின் துவாரம் 16.6 மி.மீ.; உங்கள் பிளம்பர் ஓரங்குலம் என்று சொல்லும் 32 மி.மீ. குழாயின் துவாரம் 21.2 மி.மீ. நிமிடத்துக்கு 18 லீற்றர் பாய்ந்தால், ஒவ்வொரு மீற்றர் நீளத்துக்கும் 13.2 மி.மீ. துவாரம் 42 செ.மீ. உயரத்தையும், 16.6 மி.மீ. துவாரம் 14 செ.மீ. உயரத்தையும், 21.2 மி.மீ. துவாரம் 4 செ.மீ. உயரத்தையும் தின்னும். மூன்று மீற்றர் மட்டுமே கையில் உள்ளவருக்கு இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல.

இவ்விரண்டையும் சேர்த்து உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்கிறேன். 14 மீற்றர் நேர்க்குழாயோடு எல்போக்களையும் வால்வுகளையும் இன்னொரு 8 மீற்றர் குழாய்க்குச் சமமாகக் கொள்கிறேன். இந்த 8 ஒரு மதிப்பீடுதான், பொருத்துகளின் எண்ணிக்கையைப் பொறுத்து இரண்டு மூன்று மீற்றர் கூடலாம், குறையலாம். அப்படிக் கணக்கிட்டால் உங்கள் தொட்டிக்கு நிமிடத்துக்கு 5 லீற்றரை ஒட்டி நீர் வரவேண்டும். 380 லீற்றர் என்பது பெருக்கு வாய் (மிகுநீர் வெளியேற மேலே உள்ள துளை) வரையிலான கொள்ளளவு. ஒருவர் உள்ளே அமர்ந்தால் அவரது உடல் 70 லீற்றரளவு இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே நிரப்பவேண்டியது ஏறத்தாழ 300 லீற்றர். நிமிடத்துக்கு 5 லீற்றர் வீதம் அது ஒரு மணித்தியாலம். நீங்கள் சொன்ன நேரத்தோடு இது பொருந்துவதால், என் மதிப்பீடுகள் பெரிதாகப் பிசகவில்லை என்று எண்ணுகிறேன். அந்த 3 மீற்றரில் ஏறத்தாழ 1.9 மீற்றரை மிக்சர் எடுத்துக்கொள்கிறது. 14 மீற்றர் குழாயும் அதன் வளைவுகளும் சேர்ந்து எடுப்பது ஒரு மீற்றரை ஒட்டியே.

ஆனால் என் கணக்கை நம்பிச் சுவரிலோ மிக்சரிலோ கை வைக்கவேண்டாம். பத்து லீற்றர் வாளி ஒன்றும் கைத்தொலைபேசியில் உள்ள கடிகாரமும் போதும். முதலில் மிக்சரினூடாக வாளியை நிரப்பி நேரத்தைக் குறியுங்கள். இரண்டு நிமிடத்தை ஒட்டி வரும். பின்னர் மிக்சரைக் கழற்றிவிட்டு, குளிர்நீர்க் குழாயின் திறந்த வாயிலிருந்து, அதே உயரத்தில் பிடித்து, மறுபடியும் நிரப்புங்கள். ஒரு நிமிடத்தை ஒட்டி நிரம்பினால் குழாய் ஒழுங்காக வேலை செய்கிறது, குற்றம் மிக்சருடையது என்பது முடிவு. திறந்த வாயிலும் இரண்டு நிமிடம் எடுத்தால் குழாய்வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது. அப்போது மிக்சரை மாற்றிப் பயனில்லை.

அப்படி அடைப்பு இருந்தால் நான் முதலில் சந்தேகிப்பது பி.பி.ஆர். ஒட்டுகளைத்தான். சூடாக்கும் கருவியில் குழாயைத் தேவைக்கு மேல் வைத்திருந்தாலோ, உருகிய முனையைப் பொருத்துக்குள் அளவுக்கு மீறி அழுத்தினாலோ, பிளாஸ்டிக் உட்புறமாகப் பிதுங்கி வளையம் போல் இறுகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒட்டு மிக நேர்த்தியாக இருக்கும். நீர் ஒழுகாது, அமுக்கச் சோதனையிலும் தேறும். அந்த இடத்தில் அறுத்துப் பார்த்தால், 13 மி.மீ. துவாரம் பென்சில் பருமனுக்குக் குறைந்திருக்கும். பத்துப் பன்னிரண்டு ஒட்டுகள் உள்ள வழியில் இப்படி இரண்டு மூன்று இருந்தாலே போதும். அடுத்த சந்தேகம் தாங்கியடியில் உள்ள கேற் வால்வு: கைப்பிடி முழுதாகச் சுற்றினாலும் உள்ளே தட்டு பாதியில் நிற்பது பழைய வால்வுகளில் வழமை, உப்புக்காற்று வீசும் கடற்கரையோரத்தில் அது விரைவாகவே நேரும். கேற் வால்வு இருந்த இடத்தில் முழுத் துவாரமுள்ள 'போல்' வால்வை (உள்ளே துளையிட்ட பந்து சுழலும் வகை) போடுங்கள். மூன்றாவது, காற்று அடைப்பு. தாங்கியிலிருந்து வரும் குழாய் மாடிச்சுவரின் மேல் ஏறி மறுபடி இறங்கினால் அந்த மேட்டில் காற்று தங்கும். பம்ப் உள்ள வீடுகளில் அது அடித்துக்கொண்டு போய்விடும், ஆனால் 0.3 பாரில் நீர் அதைத் தள்ள முடியாமல் நிற்கும். குழாய் எங்கும் ஏறாமல் தொடர்ந்து இறங்குவதே நல்லது, தாங்கி வால்வுக்கு அடுத்ததாகத் தாங்கியை விட உயர்ந்த மூச்சுக்குழாய் ஒன்றும் வைக்கலாம்.

இப்போது உங்கள் முன்னுள்ள வழிகளைப் பார்ப்போம். மிக்சரை அப்படியே விட்டுச் சுவரை மட்டும் உடைத்தால், எந்தப் பருமனில் குழாய் போட்டாலும் 50 நிமிடத்துக்குக் கீழே வருவது கடினம். அவ்வளவு தூசுக்கும் செலவுக்கும் பத்து நிமிட மிச்சம். குழாயை விட்டுவிட்டு, மிக்சருக்குப் பதிலாகத் தாழ்ந்த அமுக்கத்துக்கு என்றே செய்யப்பட்ட, முக்கால் அங்குல வாயுள்ள, குளிர்நீருக்கும் வெந்நீருக்கும் தனித்தனிக் கைப்பிடியுள்ள குழாயைப் பூட்டினால், நிமிடத்துக்கு 8 முதல் 9 லீற்றர் வரும், 35 நிமிடத்தில் நிரம்பும். அதோடு 25 மி.மீ. குழாயும் போட்டால் 15 லீற்றரளவும், 32 மி.மீ. போட்டால் 20 லீற்றரைத் தாண்டியும் வரும். அதாவது 20 நிமிடம் அல்லது 15 நிமிடம். வாய்க்குழாய் நுனியில் உள்ள வலையையும், இணைப்புக்குப் போடும் வளையும் ஹோஸையும் மறந்துவிடாதீர்கள். அரை அங்குல நட்டு உள்ள ஹோஸின் உட்துவாரம் 8 மி.மீ. அளவே இருப்பதுண்டு, ஓரங்குலக் குழாயை அரைச்சுவர் உடைத்துப் பதித்துவிட்டுக் கடைசி ஓரடியில் அந்த ஹோஸைப் பூட்டிய வேலைகளும் நடக்கின்றன.

மைத்துனர் சொல்லும் பம்ப் வேலை செய்யும். 2 பார் கூட்டித் தரும் சிறிய பம்ப் ஒன்று, இருக்கும் குழாயிலும் இருக்கும் மிக்சரிலும் நிமிடத்துக்கு 15 லீற்றரளவு தரும். சுவரில் ஆணி கூட அடிக்காமல் 20 நிமிடத்தில் தொட்டி நிரம்பும். ஆனால் அப்போது 13.2 மி.மீ. துவாரத்தில் நீரின் வேகம் நொடிக்கு 1.8 மீற்றர் ஆகிறது. இரவில் படுக்கையறைச் சுவருக்குள் இரைச்சல் கேட்கும், வால்வை வெடுக்கென்று மூடினால் குழாய் அதிரும். மின்வெட்டு நேரத்தில் பம்ப் வழியை அடைத்துக்கொண்டு நிற்காதபடி, திரும்பாவால்வு (நீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) பூட்டிய மாற்றுவழி ஒன்றும் தேவை. இவற்றைவிட முக்கியமானவை இரண்டு. பம்பைத் தாங்கிக்குப் பின்னால்தான் பூட்டவேண்டும். நீர்வழங்கல் சபையின் தெருக்குழாயிலிருந்து நேரே உறிஞ்சினால் அக்குழாயில் உள்ளே இழுக்கும் அமுக்கம் உண்டாகி, வெடிப்புகளினூடாக நிலத்தடி அழுக்கு எல்லோருடைய குடிநீரிலும் கலக்க வழி பிறக்கும். மற்றது, வெந்நீருக்குக் கூரையில் திறந்த வகைச் சூரியஒளிக் கீசர், அதாவது அமுக்கத்தைத் தாங்காத கண்ணாடிக் குழல் வகை, வைக்க எண்ணியிருந்தால், அதன் வழியில் பம்பை இணைக்கக் கூடாது. கீசரின் தாங்கி பிதுங்கி வெடிக்கும். குளிர்நீரை மட்டும் பம்பில் விட்டு வெந்நீரை உயரத்திலிருந்து இறக்கினாலும் சரிவராது, பலமுள்ள குளிர்நீர் மிக்சரினூடாக வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்துவிடும். இரண்டும் ஒரே தாங்கியிலிருந்து, ஒரே அமுக்கத்தில் வரவேண்டும்.

என் ஆலோசனை இது. வெந்நீர் இன்னும் இணைக்கப்படவில்லை என்கிறீர்கள். அதற்காகச் சுவரை எப்படியும் வெட்டத்தான் போகிறீர்கள். அதே வெட்டில் குளிர்நீருக்கும் 25 மி.மீ. குழாயைச் சேர்த்து இறக்குங்கள். தாங்கியிலிருந்து இரண்டும் பிரியும் இடம் வரை 32 மி.மீ. போடுங்கள்; மிக்சரைத் தாழ்ந்த அமுக்க வகைக்கு மாற்றுங்கள். குளிர்நீரும் வெந்நீரும் தனித்தனிக் குழாய்களில் வந்து சேர்வதால் இரண்டின் அளவும் கூடும். தொட்டி கால் மணித்தியாலத்தை ஒட்டி நிரம்பும் என்று எதிர்பார்க்கிறேன். அதன் பிறகும் போதாது என்று தோன்றினால் பம்பை எப்போதும் சேர்த்துக்கொள்ளலாம். பம்பை முதலில் வாங்கிவிட்டால் குழாயைத் திருத்த மனம் வராது.

நீங்கள் கேட்காத, ஆனால் நாளை கட்டாயம் கேட்கப்போகும் விடயம் வெந்நீர். நிமிடத்துக்கு 20 லீற்றர் விழும் தொட்டிக்குச் சுவரில் பூட்டும் உடனடி ஹீற்றர் ஈடுகொடுக்காது. நம் ஊரில் தாங்கி நீர் 28 பாகையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம், வெயில் பட்ட மாலையில் இன்னும் கூடும். அதைக் குளிக்க இதமான 40 பாகைக்கு ஏற்றினால் போதும். அந்த 12 பாகைக்குக் கூட 5.5 கிலோவாற் ஹீற்றர் நிமிடத்துக்கு ஆறரை லீற்றருக்கு மேல் தரமுடியாது. 300 லீற்றருக்கு முக்கால் மணித்தியாலம் ஆகும். அது இழுக்கும் மின்னோட்டம் 24 அம்பியர். வீட்டு இணைப்பு 30 அம்பியர் என்றால், அந்நேரம் சமையலறையில் கேத்தல் போட்டாலே ஆளி விழும் நிலை. எனவே சேமித்து வைக்கும் கீசரே பொருத்தம். 60 பாகை வெந்நீரையும் 28 பாகைக் குளிர்நீரையும் கலந்து 300 லீற்றர் பெற, வெந்நீர் 112 லீற்றர் தேவை. கீசருக்குள் குளிர்நீர் புகப்புக வெந்நீர் கலங்குவதால் அதன் முழுக் கொள்ளளவும் கைக்கு வராது. 150 லீற்றர் வாங்குங்கள். குளிர்நாடுகளின் வழிகாட்டிகளில் இதே தொட்டிக்கு இன்னும் பெரிய கீசர் சொல்லியிருப்பார்கள். அங்கே குழாய்நீர் 10 பாகையில் வருவதால் அவர்களுக்கு 180 லீற்றர் வெந்நீர் வேண்டும். நமக்கு வேண்டியதில்லை. ஏழு கிணறுகளிலும் வாளியால் அள்ளி ஊற்றும் கன்னியா வெந்நீரின் சுகமும், அது ஊற்றிலேயே உடலுக்கு ஏற்ற இளஞ்சூட்டில் இருப்பதால் வருவதுதானே.

150 லீற்றரை 28 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏற்ற 5.6 அலகு மின்சாரம் வேண்டும், 2 கிலோவாற் கீசருக்கு அது ஏறத்தாழ மூன்று மணித்தியால வேலை. இந்தக் கணக்கைப் பார்த்தால், வெயிலுக்குக் குறைவில்லாத நம் ஊரில் சூரியஒளிக் கீசர் மீது எனக்குள்ள சாய்வு நியாயமானது என்றே நினைக்கிறேன். மார்கழி மழைநாட்களுக்கு மட்டும் மின்துணை போதும். பம்ப் பூட்டும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் அமுக்கம் தாங்கும் வகையையே வாங்குங்கள். தொட்டியை நிரப்பும்போது எப்போதும் குளிர்நீரை முதலில் விட்டுப் பிறகு வெந்நீரைக் கலக்கவேண்டும். 60 பாகை நீர் சில நொடிகளில் குழந்தையின் தோலைப் பொசுக்கிவிடும்.

நீரின் மூலத்தைப் பற்றியும் ஒரு சொல். சபை நீர் கந்தளாய்ப் பக்கத்திலிருந்து வருவது; அதைத் தாங்கியில் ஏற்றிப் பயன்படுத்தினால் பிரச்சினை குறைவு. வீட்டுக் கிணற்றிலிருந்து ஏற்றுகிறீர்கள் என்றால், உப்புவெளி, நிலாவெளி மணலில் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாகவே மிதக்கிறது என்பதை மனதில் வையுங்கள். ஒரு வீட்டின் ஒரு தொட்டிக்காக அது கெட்டுவிடாது. ஆனால் விடுதியாக மாற்றி அறைக்கொரு தொட்டி வைக்கும் எண்ணம் இருந்தால், இங்கே விருந்தினர் நிறைந்திருக்கும் மாதங்களும் கிணறு வற்றும் மாதங்களும் ஒன்றே. பலம் கூடிய மோட்டரால் ஒரே இழுப்பில் இறைத்தால் உவர் மேலேறும். சிறிய மோட்டரால் மெதுவாக, இடைவெளி விட்டு இறைப்பதே பாதுகாப்பு. உவர்ப்பும் கடினத்தன்மையும் உள்ள நீர் கீசரின் சூடாக்கும் தண்டிலும் மிக்சரின் வலையிலும் சுண்ணாம்பு போல் படியும். இன்று 15 லீற்றர் தரும் குழாய்வாய் இரண்டு ஆண்டில் 10 லீற்றர் தந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

நீரை வேகமாக உள்ளே விடுபவர் அது வெளியேறும் வழியையும் பார்க்கவேண்டும். தொட்டியின் பெருக்கு வாய், அதாவது மேலே இருக்கும் அந்தச் சிறு துளை, நிமிடத்துக்கு 5 லீற்றர் வந்தபோது போதுமானதாக இருந்திருக்கும். 20 லீற்றர் வரும்போதும் போதுமா என்பதை முதல் நாளே சோதியுங்கள். தொட்டியை நிரப்பி, குழாயை மூடாமல் விட்டு, நீர்மட்டம் விளிம்பை நோக்கி ஏறுகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஏறினால் கழிவுப் பொருத்தை மாற்றுங்கள், அல்லது குழாயைத் திறந்துவிட்டு அறையை விட்டு வெளியேறாதீர்கள். நீர் விழும் வாய் தொட்டி விளிம்புக்கு மேலே இருக்கவேண்டும். அந்த இடைவெளி வாயின் விட்டத்தைப் போல் இருமடங்காவது இருந்தால் நல்லது. கை ஷவரைத் தொட்டி நீருக்குள் போட்டுவிட்டுப் போகும் பழக்கம் பலரிடம் உண்டு. கீழ்மாடியில் யாரேனும் குழாய் திறக்கும்போது சோப்பு நீர் அந்த வழியாகத் திரும்பி இழுபடும். ஷவர் வழியில் திரும்பாவால்வு ஒன்று இதற்குப் போதும்.

கழிவுக்குழாய் 40 மி.மீ.க்குக் குறையக் கூடாது, மூன்று மீற்றருக்கு மேல் ஓடினால் 50 மி.மீ. போடுங்கள், மீற்றருக்கு 2 செ.மீ.யேனும் சாய்வு வேண்டும். 300 லீற்றரும் ஐந்தாறு நிமிடத்தில் இறங்கிவிடும் என்பதால், அக்குழாயைக் குளியலறைத் தரையில் உள்ள வடிகால் பொறியில் கொண்டுபோய் விட்டிருந்தால், தொட்டி அடைப்பைத் திறந்ததும் தரை வடிகாலிலிருந்து நீர் மேலே பொங்கி ரைல்ஸ் முழுவதும் பரவும். இதைப் புதுவீடுகளில் கூடப் பார்க்கிறேன். தனிக்குழாயாக வெளியே எடுத்து, மலசலகூடக் குழிக்குள் விடாமல், வேறொரு ஊறுகுழிக்கு விடுங்கள்; இவ்வளவு நீர் ஒரே வேகத்தில் மலக்குழிக்குள் பாய்ந்தால் அடியில் படிந்தது கலங்கி அடுத்த குழிக்குப் போய்விடும். ஊறுகுழி உங்கள் கிணற்றுக்கும் அயலவர் கிணற்றுக்கும் எவ்வளவு தூரத்தில் அமைகிறது என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டித் தீர்மானியுங்கள்.

பாரத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது, அது கட்டமைப்புப் பொறியியலாளரின் வேலை. இருந்தாலும் எண்ணைச் சொல்லிவிடுகிறேன்: 300 லீற்றர் நீர் 300 கிலோ, ஆளும் தொட்டியும் சேர்ந்தால் 420 கிலோவுக்குக் குறையாது, அது ஒன்றரைச் சதுர மீற்றருக்குள் நிற்கிறது. வீட்டறைகளுக்கான கொங்கிறீற் தட்டுகள் வழமையாகச் சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிலோ வரையிலான பாவனைப் பாரத்துக்குக் கணிக்கப்படுவதால், உங்கள் தொட்டி அந்த எல்லையைத் தாண்டுகிறது. தொட்டி சுவரோரமாக, உத்திரத்தின் மேல் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. தட்டின் நடுவில் இருந்தால் வரைபடத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். அதற்குள் மேசன் தொட்டியின் பக்கத்தைச் செங்கல் வைத்து மூடி ரைல்ஸ் ஒட்ட வந்தால், கழிவுப் பொருத்தும் வால்வுகளும் இருக்கும் மூலையில் கை நுழைந்து திருகும் அளவுக்குக் கழற்றக்கூடிய பலகை ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். வாளி வைத்து அளந்து முடிக்கும் வரை அந்தப் பக்கத்தை மூட விடாதீர்கள்.